அன்னபட்சி உட்காராத நெஞ்சு

"ஏன்பா, இத்தன வருஷமா தண்ணிக்குள்ளயே படுத்துக்கினு இருந்தா சாமிக்கு சளி புடிக்காதா?"

அத்தி வரதர் குளத்தை விட்டு வெளியே வந்து உலகத்துக்கே தரிசனம் தந்த அந்த ஆடி மாதத்தில், வரிசையில் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்திருந்த கீர்த்தி என்கிற ஆறு வயதுப் பெண் கேட்ட கேள்வி இது. அவளுக்கு மெதுவாகப் பேச வராது. அம்மா ஏலவார்குழலியின் தொண்டை அப்படியே அவளுக்கு வந்திருந்தது. கேள்வி முன்னும் பின்னும் பத்து வரிசைக்குக் கேட்டது. ஒரு நொடி பக்தி தடுமாறியது. பிறகு மொத்தக் கூட்டமும் சிரித்துவிட்டது. முன்னால் நின்ற, நெற்றி நிறைய நாமம் தரித்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "அதுக்குத்தாம்மா இந்தக் கோயில் இட்லியில சுக்கும் மிளகும் போடறது. பெருமாள் ரொம்ப முன்ஜாக்கிரதை," என்றார்.

சிரிப்பில் கூட்டம் குலுங்க, குலுங்கியதில் பின்னால் நின்ற ஒரு பெண் மூங்கில் தடுப்போடு நசுங்கினாள். அவளுடைய சுடிதார் தோள்பட்டையிலிருந்து முதுகு வரை கிழிந்துபோனது. இரண்டு கைகளாலும் துணியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றாள். ஏலவார்குழலி திரும்பினாள். பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, அது அவளுக்குப் பெரிய விஷயம். தன் பட்டுச் சேலையின் முந்தானையை உதறி விரித்து அந்தப் பெண்ணின் தோளையும் சேர்த்துப் போர்த்தினாள். ஒரே சேலைக்குள் இரண்டு பேராகப் பெருமாள் சந்நிதி வரை நடந்தார்கள். வெளியே வந்ததும் தன் ஊக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பேர்கூடக் கேட்காமல், பிள்ளைக்கு பஞ்சுமிட்டாய் வாங்கப் போய்விட்டாள்.

அந்தப் பெண் பக்கத்துக் கூரம் கிராமத்துக்காரி. விவசாயக் குடும்பம். பெயர் சத்யப்ரியா. எக்ஸ்ரே படிப்பில் சேரப் போகிறவள், நல்லபடியாக இடம் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வந்திருந்தாள்.

அதன் பிறகு அத்தி வரதர் மறுபடி குளத்துக்குள் போய்விட்டார். கீர்த்தி எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். சளி மட்டும் ஏலவார்குழலிக்குப் பிடித்துக்கொண்டது.

ஒரு மாதத்துக்கு மேல் விடாத இருமல். சாயங்காலமானால் உடம்பு லேசாகக் காயும். ஜாக்கெட் தொளதொளத்துப் போய்விட்டது. "பாத்தியா, ஓடாம ஆடாம இளைச்சிட்டேன்," என்று பெருமை வேறு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கணவர் கலியாணசுந்தரம் தறிக்குழியில் இருந்தபடியே தினமும் ஒரு தரம் சொல்வார். "பட்டுத் தூசுய்யா. தெரு பூரா இருமுது, நான் கொஞ்சம் சத்தமா இருமுறேன்," என்று பதில் வரும்.

பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் நெஞ்சு எக்ஸ்ரே முகாம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனபோதுகூட அவள் அசையவில்லை. ஆனால் ஆட்டோ திரும்பி வரும்போது கூடுதலாக ஒன்று சொன்னது: கவுன்சிலர் தலைமை தாங்குகிறார், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள்.

அவ்வளவுதான். தெருவில் எல்லா வீட்டு பீரோவும் திறந்துகொண்டது. அந்துருண்டை வாசனை கோயில் கோபுரம் வரை அடித்தது. நெசவுத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிறவர்கள் தமக்கென்று வீட்டுக்கு ஒரு சேலைதான் நெய்து வைத்திருப்பார்கள். அதைக் கல்யாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும்தான் எடுப்பார்கள். பத்திரிகையில் வரப்போகும் படத்தில் நூல் சேலையோடு நின்றால் நாளைக்கு எவன் இந்தத் தெருவில் வந்து பட்டு வாங்குவான்? எனவே நுரையீரலைக் காட்ட வேண்டிய இடத்துக்கு எல்லாரும் ஜரிகையோடு வந்து சேர்ந்தார்கள்.

மண்டபத்தில் சத்யப்ரியா ஒரு சின்ன எக்ஸ்ரே பெட்டியும் மடிக்கணினியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் எடுத்த கையோடு கணினியில் இருக்கும் மென்பொருள் அதைப் பார்த்து, சந்தேகமான இடத்தில் சிவப்பு பூசிக் காட்டும். லட்சக்கணக்கான நெஞ்சுப் படங்களைப் பார்த்துப் பாடம் படித்த மென்பொருள் அது. காசநோயை டாக்டருக்கு முன்னால் மோப்பம் பிடித்துவிடும் என்று அதை உருவாக்கிய பிரேம்நாத் சென்னையிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தான்.

படம் எடுக்கும்போது போட்டுக்கொள்ள நீல நிறப் பருத்தி அங்கிகளும் வந்திருந்தன. பக்கத்து வீட்டு சிட்டிபாபுவின் மனைவி காவேரி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "பொணத்துக்குப் போத்துற மாதிரி இருக்குது," என்று திரும்ப வைத்தாள். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. கவுன்சிலர் வேறு அவசரப்பட்டார். சரி, துணிதானே, எக்ஸ்ரே துணியைத் தாண்டிப் போய்விடும் என்று சத்யப்ரியா விட்டுவிட்டாள். நகைகளை மட்டும் கழற்றச் சொன்னாள். தாலியைக் கழற்றச் சொல்ல அவளுக்கே மனம் வரவில்லை. பல்லால் கவ்விக்கொள்ளச் சொன்னாள்.

முதல் படம் கவுன்சிலருக்கு. வெள்ளைக் கதர்ச் சட்டை. உள்ளே ஒன்றுமே இல்லை என்று மெஷின் சொன்னது. "அது எங்களுக்கு எப்பவோ தெரியும்பா," என்று பின்வரிசையில் ஒரு எதிர்க்கட்சிக் குரல் கேட்டது. கவுன்சிலர் பத்திரிகைக்காரர்களோடு கிளம்பிப் போனார்.

சிட்டிபாபு ஜரிகை அங்கவஸ்திரத்தோடு வரிசையில் நின்றிருந்தார். தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். வாய் மட்டும் இரண்டு மொழியிலும் ஓயாது.

"இன்னாமா குழலி, கல்யாணப் பொண்ணு மாதிரி வந்துக்கினு இருக்க?"

"நீ மட்டும் இன்னாண்ணே, மாப்ள கணக்கா? மிஷினப் பொண்ணு பாக்க வந்தியா?"

"சேலை சோக்கா இருக்குது."

"இருக்காதா பின்ன? எங்க வூட்டுக்காரரு கையால நெய்ஞ்சது. ஒரிஜினல் ஜரிகை. கும்புட்டுக்கோ."

அவளுக்குப் பின்னால் நின்ற கலியாணசுந்தரம் மின்விசிறியை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

சிட்டிபாபு சத்யப்ரியாவின் பக்கம் திரும்பி, பள்ளிச் சீருடையில் நின்ற கீர்த்தியைக் காட்டினார். "இந்தப் பொண்ணு யாரு தெரியுமாம்மா? அத்தி வரதருக்கே சளி புடிக்காதான்னு கேட்டவ. ராமா, ராமா! உன் மிஷின்ல மொதல்ல பெருமாளத்தான் நிக்க வெக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். சத்யப்ரியாவின் கை மட்டும் அப்படியே நின்றது. கீர்த்தியைப் பார்த்தாள். பிறகு அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அந்த முந்தானையைப் பார்த்தாள்.

ஏலவார்குழலிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தெரிவதற்கு அவள் எதையும் ஞாபகத்தில் வைத்திருக்கவில்லை. "மூஞ்சியே பாத்துக்கினு நிக்காதம்மா, நெஞ்சப் பாரு," என்று சொல்லிவிட்டுத் தாலியைக் கவ்விக்கொண்டாள். அவள் வாய் மூடியிருந்த அந்த நேரத்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது. படம் எடுக்கும்போதும் இருமினாள்.

சிவப்பு.

காவேரிக்குச் சிவப்பு. சிட்டிபாபுவுக்குச் சிவப்பு. அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் சிவப்பு. முற்பகலுக்குள் கவுன்சிலரைத் தவிர மொத்தத் தெருவுக்கும் காசநோய் என்று மெஷின் தீர்ப்பு எழுதிவிட்டது. மண்டபத்தில் ஒரு கிழவர் ஏகாம்பரநாதரைக் கூப்பிட்டார். ஒருத்தி அழ ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். எல்லாருமே நோயாளி என்பதால் எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் நாற்காலிகள் சுற்றிச் சுற்றி வந்தன.

"எல்லாருக்கும் வந்துச்சுன்னா, யாரு யாருக்கும்மா ஒட்ட வெச்சது?" என்று சிட்டிபாபு கேட்டார். நியாயமான கேள்வி.

சத்யப்ரியா பிரேம்நாத்துக்கு போன் போட்டாள்.

"மாடல் கரெக்டா இருக்கு சத்யா. அந்தத் தெருவுலதான் ஏதோ தப்பு," என்றான் அவன்.

போனை வைத்துவிட்டு, மென்பொருள் பூசிய சிவப்பை நீக்கி, வெறும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். காவேரியின் இடது நுரையீரலில் ஓர் அன்னபட்சி உட்கார்ந்திருந்தது. வாயில் ஒரு கொடியைக் கவ்விக்கொண்டு, வெள்ளை வெளேரென்று, விலா எலும்புக்கு நடுவே சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அடுத்த படத்தில் யாளி. அதற்கு அடுத்ததில், சிட்டிபாபுவின் இதயத்துக்குக் குறுக்கே அங்கவஸ்திரத்துக் கரை நெடுஞ்சாலை போல் ஓடியது.

அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. வெள்ளி எக்ஸ்ரேயை மறிக்கும். மென்பொருள் படித்த லட்சம் நெஞ்சுகளில் ஒன்றுகூடக் காஞ்சிபுரம் பட்டு உடுத்தி வரவில்லை. பாவம், அன்னபட்சியைப் பார்த்துக் காசநோய் என்று பயந்துவிட்டது.

விஷயம் தெரிந்ததும் மண்டபம் வெடித்துச் சிரித்தது. அழுதவள்தான் அதிகம் சிரித்தாள். எல்லாரும் கணினியைச் சூழ்ந்துகொண்டார்கள். "அது என் யாளி!" "என் பட்சியோட மூக்கப் பாரு, எவ்ளோ கூரா விழுந்துக்குது!" என்று, நெஞ்சை மறந்து நெசவைப் பார்த்தார்கள். சத்யப்ரியா கத்திப் பார்த்தாள்: "எல்லாரும் வீட்டுக்குப் போய் நூல் துணி கட்டிக்கிட்டு வாங்க. மறுபடி எடுக்கணும்!"

சாம்பார் சாதம் போடுவதாக இருந்ததால் எல்லாரும் வந்தார்கள். இம்முறை அங்கி போட்டுக்கொண்டார்கள். படங்கள் சுத்தமாக விழுந்தன. மெஷின் ஒவ்வொருவரையும் பச்சை காட்டி அனுப்பியது. ஏலவார்குழலி மட்டும் வரவில்லை.

பந்தி முடிந்து மண்டபம் காலியானதும் சத்யப்ரியா அவளுடைய காலைப் படத்தைத் திறந்தாள். சிவப்பை நீக்கினாள்.

பட்சி இல்லை. கொடி இல்லை. கரை இல்லை. சேலையே கட்டாமல் வந்தவளைப்போல் நெஞ்சு வெறுமையாக இருந்தது. இடப்பக்கம், மேலே, தோள் எலும்புக்குக் கீழே மட்டும் ஒரு மேகம் தங்கியிருந்தது. சேலை முழுக்க அன்னபட்சி இருந்ததை அவளே கண்ணால் பார்த்திருந்தாள்.

கலியாணசுந்தரம் யாரும் சொல்லாமலே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அக்கா சேலையில இருக்கிற ஜரிகை படத்துல விழவே இல்ல. ஏன்னு தெரியல."

அவர் கையில் இருந்த நாற்காலி கீழே இறங்கியது. "சத்தமாப் பேசாதம்மா," என்றார். சுற்றிலும் பார்த்தார். யாருமில்லை. "விழாது. அது பிளாஸ்டிக்கு."

"அக்கா ஒரிஜினல்னு..."

"நான்தான் அப்படிச் சொன்னேன். அவ தெரு பூரா சொல்லிட்டா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது கெடக்கட்டும். ஜரிகை விழலன்னா, அப்ப அந்தச் செவப்பு இன்னாது?"

சத்யப்ரியா படத்தில் அந்த மேகத்தைக் காட்டினாள். "உறுதியா இப்ப சொல்ல முடியாதுண்ணா. நல்ல படம் ஒண்ணு எடுக்கணும், சளி டெஸ்ட் பண்ணணும். டிபியா இருந்தா மாத்திரையில சரியாயிடும். விட்டா சரியாகாது. கீர்த்திக்கும் ஒட்டும்."

கலியாணசுந்தரம் செருப்பைத் தேடாமல் வீட்டுக்கு நடந்தார். சத்யப்ரியா பின்னால் போனாள்.

ஏலவார்குழலி நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பட்டுச் சேலை மடித்துக் கட்டில்மேல் இருந்தது.

"வாம்மா. சாம்பார் சாதத்துல உப்பு பத்தலயாமே?"

"அக்கா, உங்களுக்கு மறுபடி ஒரு படம் எடுக்கணும்."

"எதுக்கு? எல்லாருக்கும் ஜரிகைதான்னு சொன்னியே. என் ஜரிகை மட்டும் தகரமா?"

"இல்லக்கா, உங்க படம் சரியா விழல."

"அப்ப உன் மிஷினக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ. எனக்கு வேல இருக்குது." இருமல் வந்தது. நீளமாக வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"போம்மா," என்றாள் கீர்த்தி. "சாமிக்கே சுக்கு இட்லி வேண்டியிருக்குது. நீ இன்னா சாமிய விடப் பெரிய ஆளா?"

"வாயப் பாரு. யாரப்போலப் பொறந்துதோ!"

கலியாணசுந்தரம் வாசற்படியிலேயே நின்றிருந்தார். "குழலி, அந்தச் சேலையில வெள்ளி இல்ல," என்றார்.

ஏலவார்குழலி கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"பிளாஸ்டிக் ஜரிகை. நம்ம பத்தாவது கல்யாண நாளுக்கு அசல் போட்டு நெய்ய நமக்குக் கட்டுப்படியாகல. மொதலாளி ஜரிகையில கை வெக்க மனசு வரல. உங்கிட்ட அசல்னு சொல்லிட்டேன். அந்தப் படத்துல இருக்கிற செவப்பு ஜரிகையால வந்தது இல்ல. எழுந்து வா."

அவள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"இத்தன வருஷமா இத நெஞ்சுல வெச்சிக்கினா திரிஞ்ச? உன்னத்தான்யா மொதல்ல எக்ஸ்ரே எடுக்கணும்."

"உனக்குத் தெரியுமா?"

"தூக்குனாலே தெரியாதா? அசல் முந்தி தோள அழுத்தும். இது காத்தாடி மாதிரி பறக்குது. பொறந்ததுலருந்து ஜரிகை நடுவுலதான் கெடக்குறேன், எனக்கு இன்னா, கை இல்லையா?"

"அப்புறம் ஏன் தெரு பூரா சொன்ன?"

"நீ ஆசையா சொன்ன. நான் சத்தமா சொன்னேன். அவ்ளோதான்."

சத்யப்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்கா, அப்ப காலையில பட்சி தெரிஞ்சப்பவே உங்களுக்கு..."

"தெரிஞ்சுபோச்சு. எல்லாரு நெஞ்சுலயும் அன்னபட்சி உக்காந்துக்குது, என் நெஞ்சுல உக்காராது. அப்ப எனக்கு வந்த செவப்பு வேற செவப்பு. என் படம் தெரியறதுக்குள்ள எழுந்து வந்துட்டேன். பட்சி இல்லாத நெஞ்ச சிட்டிபாபு பாத்துட்டா, தெரு பூரா சொல்லிடுவான். அப்புறம் இவரு மூஞ்சிய எங்க வெச்சிப்பாரு?"

"என் மூஞ்சிய நான் பாத்துக்கிறேன். நீ மூச்சப் பாரு," என்றார் கலியாணசுந்தரம். குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க அவரும் இருமினார். ஆனால் நன்றாக இருமத் தெரியவில்லை.

"சரி, சரி, அழுவாத. வர்றேன்," என்று அவள் எழுந்தாள். "அந்த நீலச் சட்டையக் குடு. பொணம் மாதிரி இருந்தாலும் பரவால்ல."

சாம்பார் சாதம் தெருவைத் தூங்க வைத்திருந்தது. பின்சந்து வழியாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதே இடத்தில், அதே அளவில் சிவப்பு. காலையிலிருந்து தெரு முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டிருந்த மெஷின், ஒருத்தியிடம் மட்டும் உண்மை சொல்லியிருந்தது. அவளும் அதை உடனே புரிந்துகொண்டிருந்தாள். கடவுள் சிலசமயம் இப்படித்தான், முட்டாளின் வாய் வழியாகவும் நல்ல செய்தி அனுப்புகிறார்.

சளிப் பரிசோதனையில் காசநோய் என்றே வந்தது. அரசாங்க மாத்திரை வீடு தேடி வந்தது. கலியாணசுந்தரத்துக்கும் கீர்த்திக்கும் ஒன்றுமில்லை என்று பார்த்துச் சொன்னார்கள். ஏலவார்குழலி எதையும் மறைக்கவில்லை. முகக்கவசத்தோடு வாசலில் நின்று, "எனக்கு ஜரிகையும் இருந்துது, டிபியும் இருந்துது. நான் எதுலயும் கொறை வெக்கிறதில்ல," என்று தெருவுக்கே அறிவித்தாள். மாத்திரை வேலை செய்தது. சாயங்கால ஜுரம் நின்றது. இருமல் சன்னமாகி, பிறகு சிட்டிபாபுவை அடக்க மட்டும் பயன்பட்டது.

வைகாசியில் எக்ஸ்ரே முகாம், இம்முறை ஒரு மருத்துவ வண்டியில், மறுபடி அந்தத் தெருவுக்கு வந்தபோது சிட்டிபாபு ஒரு திட்டத்தோடு காத்திருந்தார். கருட சேவைக்கு ஊரெல்லாம் கூட்டம் வரும். தெருமுனையில் ஒரு பெரிய பேனர். அதில் எல்லாருடைய நெஞ்சுப் படமும், பட்சியும் யாளியுமாக. கீழே ஒரு வரி: எங்கள் ஜரிகை அசல் என்பதற்கு எக்ஸ்ரேயே சாட்சி.

"அவங்கவங்க சரின்னு சொன்னாத்தான் குடுப்பேன்," என்றாள் சத்யப்ரியா.

எல்லாரும் சரி என்றார்கள். ஏலவார்குழலியும் சரி என்றாள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சொல்லிவிட்டு, முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களால் கணவரைப் பார்த்தாள். அவர் தெருவிளக்குக் கம்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நெரிசல் வேணாம், எல்லாரும் வெளிய இருங்க," என்று சத்யப்ரியா வண்டியின் கதவைச் சாத்தினாள்.

உள்ளே அவள் மட்டும். முதல் முகாமில் கெட்டுப்போன காலைப் படங்கள் ஒரே இடத்தில் கிடந்தன. பட்சிகளை ஒவ்வொன்றாகப் பென்டிரைவுக்கு அனுப்பினாள். சிரித்து அசைந்த சிலருடைய படங்கள் கலைந்திருந்தன, அவற்றை ஒதுக்கினாள். கடைசியில் அந்த வெறும் நெஞ்சு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தேவையான நல்ல படம் ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருந்தது. இது யாருக்கும் எதற்கும் வேண்டாதது.

தோளில் ஒரு லேசான முந்தானை விழுந்த ஞாபகம் அவளுக்கு வந்தது. அது எவ்வளவு லேசாக இருந்தது என்று அன்றைக்கு அவள் யோசித்ததே இல்லை. போர்த்தியிருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

படத்தின் எதிரே, 'இருமியதால் கலைந்தது' என்று தட்டினாள். அது பொய்யும் இல்லை. பிறகு அந்தப் படத்தை அழித்தாள்.

வெளியே சிட்டிபாபு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். துப்பட்டாவைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, சத்யப்ரியா கதவைத் திறந்தாள்.